1500 மணி நேரம் எல்லோருக்கும் ஒன்றுதான், அதை எங்கே பறப்பது?

போன நவம்பரில் அக்கா மகன் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் லாக்புக்கை, அதாவது பறந்த கணக்கை எழுதும் புத்தகத்தைத் திறந்து வைத்தான். மொத்தம் 262 மணி நேரம். சம்பளத்துக்குப் பறக்க வேண்டிய கமர்ஷியல் லைசென்ஸ் வாங்கி மூன்று வாரம்கூட ஆகவில்லை. டெக்சாஸில் பிறந்து வளர்ந்தவன், மலையை விடுமுறையில் மட்டும் பார்த்தவன். "மாமா, ஸ்மோக் ஜம்பர்களை ஏத்திட்டுப் போற விமானத்தை ஓட்டணும். எந்த வழியில போனா சரியா இருக்கும்?" என்று கேட்டான்.

நான் பைலட் இல்லை. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் விமான மெக்கானிக்காக இருக்கிறேன். பைலட்கள் கெடுத்துக்கொண்டு வருவதைச் சரிசெய்து அனுப்புவது என் பிழைப்பு. ஆனால் ஒருவன் எப்படிப் பறக்கிறான் என்பது அவன் சொல்வதைவிட அவன் இறக்கிவிட்டுப் போன விமானத்தின் டயரிலும் பிரேக்கிலும் புரொப்பல்லர் விளிம்பிலும் தெளிவாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் அவனுக்குப் பதில் சொன்னேன். ஒரு வாரம் பேசினோம். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். ஸ்மோக் ஜம்பர் விமானி குதிப்பதில்லை. சாலையே இல்லாத காட்டில் மின்னல் விழுந்து தீப்பிடித்தால், அது பெரிதாவதற்குள் பாராசூட்டில் போய் இறங்கி அணைக்கிறவர்கள் ஸ்மோக் ஜம்பர்கள். அவர்களைச் சரியான இடத்தில் இறக்கிவிட்டு, பின்னாலேயே சாமானையும் போட்டுவிட்டுத் திரும்பி வருவது விமானியின் வேலை. 1940 ஜூலை 12 அன்று ஐடஹோ மாநிலத்தின் நெஸ் பெர்ஸ் காட்டில் ரூஃபஸ் ராபின்சனும் ஏர்ல் கூலியும் முதன்முதலாகத் தீயில் குதித்தார்கள். வரலாற்றில் அவர்கள் பெயர் நிற்கிறது. அன்றைக்கு அந்த டிராவல் ஏர் விமானத்தை ஓட்டிய டிக் ஜான்சனை எத்தனை பேருக்குத் தெரியும்? விமானியின் கதி அன்றிலிருந்து அப்படித்தான்.

இன்று அமெரிக்காவில் ஒன்பது தளங்கள் இருக்கின்றன. மிசூலா, வெஸ்ட் யெல்லோஸ்டோன், மெக்கால், கிரேஞ்ச்வில், ரெடிங், ரெட்மண்ட், வின்த்ராப் ஆகிய ஏழும் வனத்துறையின் கையில். பாய்சியும் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸும் நில மேலாண்மைத் துறையின் கையில். மொத்தமே இவ்வளவுதான் என்பதால் விமானி வேலைகளும் விரல்விட்டு எண்ணக்கூடியவை. தமிழ்நாட்டிலிருந்து படிக்கிறவர்களுக்கு ஒன்று: நம் ஊரில் இந்த வேலையே கிடையாது. 2024 மார்ச்சில் குன்னூர் பக்கம் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர்தான் வாளியில் தண்ணீர் அள்ளிப் போய்க் கொட்டியது.

எண்கள் என்ன சொல்கின்றன

அமெரிக்காவில் கமர்ஷியல் லைசென்ஸுக்கு வழக்கமான வழியில் 250 மணி நேரம் வேண்டும், வயது 18 ஆகியிருக்க வேண்டும். இந்த வேலைக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், இரட்டை எஞ்சின் ரேட்டிங் ஆகியவையும் தேவை. ஸ்மோக் ஜம்பர் விமானத்தில் கேப்டனாக உட்கார, அரசு தனியார் விமான நிறுவனங்களோடு போடும் தீயணைப்பு ஒப்பந்தங்களில் வழக்கமாகக் கேட்பது மொத்தம் 1500 மணி நேரம். அதில் பெரும்பகுதி தானே பொறுப்பேற்று ஓட்டியதாக இருக்க வேண்டும், மலைப்பகுதி அனுபவத்தைத் தனியாகக் காட்ட வேண்டும், கடைசி 12 மாதத்தில் சும்மா இருந்திருக்கக் கூடாது. இதன் உள்விவரங்கள் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும், அதனால் விண்ணப்பிக்கிற வருடத்து ஆவணத்தை எடுத்துப் படிப்பதுதான் ஒழுங்கு.

இந்த 1500 என்ற எண்தான் சிக்கலே. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகருக்குப் பக்கத்தில் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதன்பின் சட்டம் மாறியது, 2013 முதல் பயணிகள் விமானத்தில் துணை விமானியாக உட்காரவே 1500 மணி நேரம் கேட்கிறார்கள். ராணுவத்தில் பறந்தவர்களுக்கு 750, விமானத்துறைப் பட்டம் படித்தவர்களுக்கு 1000 என்று சலுகை உண்டு. ஆக, எங்கள் பையன் 1500-ஐத் தொடுகிற அன்று இரண்டு கதவு திறக்கும். ஒன்றில் ஏர்லைன்ஸ்காரன் சம்பளத்தோடு நிற்பான். இன்னொன்றில் யாரும் நிற்க மாட்டார்கள், இவனே போய்த் தட்ட வேண்டும். ஏர்லைன்ஸ் எந்த 1500-ஐயும் வாங்கிக்கொள்ளும். தீக்காரர்கள் லாக்புக்கைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

புரட்டி எதைத் தேடுகிறார்கள் என்பது தெரிய வேண்டுமென்றால் அந்த விமானம் அங்கே போய் என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும்.

ஒரு ஜூலை மதியம், ட்வின் ஓட்டர் என்ற இரட்டை எஞ்சின் விமானம், உள்ளே எட்டுப் பேர் கனமான உடையில். இடப்பக்கப் பின்கதவு திறந்தே இருக்கும். கதவருகே குப்புறப் படுத்துத் தலையை வெளியே நீட்டியிருப்பவர் ஸ்பாட்டர். குதிக்கிறவர்களுக்கு அவர்தான் கண். அவர் பார்வையில் இடம் இருக்கவேண்டும் என்பதால் விமானி இடப்பக்கமாகவே வட்டமடிக்கிறார். முதல் சுற்றில் நீளமான கலர்க் காகித ரிப்பனைப் போடுவார்கள். பாராசூட்டில் ஒரு ஆள் இறங்குகிற வேகத்திலேயே அதுவும் இறங்கும். காற்று அதை எவ்வளவு தூரம் தள்ளிக்கொண்டு போகிறதோ, அதே தூரம் காற்று வரும் திசையில் முன்னால் போய் ஆளை விட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு, சொல்வதற்கு. ஆனால் இடையில் ஒரு மலைமுகடு இருக்கும். முகட்டுக்கு இந்தப் பக்கம் காற்று தூக்கும், அந்தப் பக்கம் அமுக்கும். ஸ்பாட்டர் ஹெட்செட்டில் "வலது ஐந்து" என்றால் ஐந்து டிகிரி, ஆறு இல்லை. வட்டப் பாராசூட் என்றால் தரையிலிருந்து 1,500 அடி, செவ்வகப் பாராசூட் என்றால் 3,000 அடி. அந்த உயரத்தை விடாமல், வேகத்தையும் குறைத்துப் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் போக வேண்டும். இரண்டு பேர் எழுந்து கதவுக்கு வரும்போது வால் பக்கம் கனம் ஏறும், அதையும் கை தானாகச் சரிசெய்ய வேண்டும்.

ஆட்கள் இறங்கிவிட்டால் வேலை முடிந்ததென்று நினைப்போம். விமானியைப் பொறுத்தவரை கஷ்டமான பாதி அப்புறம்தான் வருகிறது. ரம்பம், தண்ணீர், சாப்பாடு எல்லாம் பெட்டி பெட்டியாகப் போட வேண்டும். அதற்கு 1,500 அடி உதவாது, பெட்டி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடும். மரங்களுக்கு மேலே இருநூறு அடி அளவுக்கு இறங்கி, மெதுவாக, புகைக்குப் பக்கத்தில் போட வேண்டும். எஞ்சின் ஒன்று நின்றால் எந்தப் பக்கம் தப்பிப்பது என்பதை உள்ளே நுழைவதற்கு முன்பே முடிவுசெய்திருக்க வேண்டும். பள்ளத்தாக்கில் மேல்நோக்கிப் போடப் போனவனுக்குத் திரும்ப இடம் இருக்காது. கீழ்நோக்கிப் போகிறவனுக்குத் தரையே விலகிக் கொடுக்கும்.

இதோடு வெயில். வெஸ்ட் யெல்லோஸ்டோன் ஓடுபாதையே 6,600 அடிக்கு மேலே இருக்கிறது. அந்த உயரத்துக்குக் கணக்குப்படி இருக்க வேண்டிய வெப்பம் சுமார் 2 டிகிரி. ஒரு நாள் 27 டிகிரி அடித்தால் இடையில் 25 டிகிரி வித்தியாசம். டிகிரிக்கு 120 அடி என்று போட்டால் 3,000 அடி கூடுகிறது. சக்கரம் தரையில்தான் இருக்கிறது, ஆனால் இறக்கையும் எஞ்சினும் கிட்டத்தட்ட 9,600 அடியில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். டெக்சாஸில் பழகிய கைக்கு இது ஏமாற்றமாக இருக்கும். நான் பையனிடம் சொன்னது: இந்தக் கணக்கை மனசுக்குள்ளேயே போடும் பழக்கம் எந்த வேலையில் வரும் என்று பார், அந்த வேலையில் உன் மணி நேரத்தைச் செலவழி.

262-லிருந்து 1500 வரை

அவன் முதலில் சொன்னது பயிற்றுநர் வேலை. நண்பர்கள் எல்லோரும் அதில்தான் போகிறார்களாம். போகட்டும், தப்பில்லை. 250 மணி நேரத்தோடு வெளியே வருகிறவனுக்கு யாரும் வேறு வேலை தருவதில்லை, பயிற்சிப் பள்ளி ஒன்றுதான் தரும். வருடத்துக்கு நிறையப் பறக்கலாம். ஏர்லைன்ஸ் கனவு இருந்தால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம், இதுவே நேர்வழி. இன்னொரு நன்மையும் உண்டு: அடுத்தவன் கையில் விமானம் இருக்கும்போது பதறாமல் பார்த்துக்கொண்டு, எப்போது கையை வைப்பது என்று தெரிந்துகொள்ளலாம். இருவர் உட்காரும் காக்பிட்டில் அந்தப் பழக்கம் பின்னால் உதவும். ஆனால் ஒரே ஓடுபாதையைச் சுற்றிச் சுற்றி 1,200 மணி நேரம் என்பது உண்மையில் ஒரு மணி நேரத்தை 1,200 தடவை பறப்பது. வானிலை மோசமென்றால் பாடம் ரத்து, மாணவன் வீட்டுக்குப் போய்விடுவான். தீக்கு ரத்து கிடையாது.

என் கருத்து, பயிற்றுநராக 500 மணி நேரம் வரை போகலாம். ஏன் 500 என்கிறேனென்றால், வாடகைக்கு ஆளையும் சரக்கையும் ஏற்றும் சிறு விமான நிறுவனங்களில், கண்ணால் பார்த்துப் பறக்கும் வேலைக்குச் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் அதுதான். கருவிகளை நம்பி மேகத்துக்குள் பறக்கும் வேலைக்கு 1200. ஆக 250, 500, 1200, 1500 என்று ஏணி தானாகவே அமைந்திருக்கிறது. ஒரு படியில் தேவைக்கு மேல் நிற்கக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாவதாக அவன் சொன்னது ஸ்கைடைவிங் விமானம். கேட்கும்போது இதுதான் பொருத்தமாகத் தெரியும். அங்கேயும் குதிக்கிறார்கள், இங்கேயும் குதிக்கிறார்கள். இந்த ஒற்றுமையைப் பார்த்துத்தான் பல பேர் ஏமாறுகிறார்கள். அங்கே தெளிந்த வானத்தில் 13,000 அடிக்கு ஏறி, தட்டையான மைதானத்துக்கு மேலே ஆளை விட்டுவிட்டு, அடுத்த கூட்டம் காத்திருக்கிறதென்று தலைகுப்புற இறங்கி வருவார்கள். ஒரே நாளில் இருபது தடவை. அந்த அவசர இறக்கத்தில் சூடான எஞ்சின் சட்டென்று குளிரும். சிலிண்டரில் விரிசல் விழுந்த செஸ்னா எஞ்சின்களை நான் வேண்டிய அளவு பார்த்துவிட்டேன். ஒரு கோடையில் ஒரே இடத்திலிருந்து மூன்று வந்தன. மூன்றையும் ஓட்டியவர்கள் "நான் மெதுவாத்தான் இறக்கினேன்" என்றுதான் சொன்னார்கள்.

சரி, முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. கதவைத் திறந்துவைத்துப் பறப்பது, ஆட்கள் பின்னால் நகரும்போது எடை மாறுவதைத் தொடைக்கு அடியிலேயே உணர்வது, வேகம் குறைந்த நிலையிலும் விமானத்தை ஆடாமல் பிடிப்பது, இதெல்லாம் அங்கே சீக்கிரம் படியும். பெரிய ஸ்கைடைவிங் மையங்களில் ட்வின் ஓட்டரே ஓடுகிறது. அங்கே துணை விமானியின் வலப்பக்க இருக்கை கிடைத்தால் யோசிக்காமல் போகலாம், டர்பைன் எஞ்சினில், அதே விமானத்தில் மணி நேரம் சேரும். ஒற்றை எஞ்சின் செஸ்னா மட்டும்தான் என்றால் ஒரு கோடை போதும்.

மூன்றாவது, வயலுக்கு மருந்தடிக்கும் விமானம். கையோட்டத்தில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. மின்கம்பிக்கு அடியில் நுழைந்து வெளியே வருகிறவர்கள். தாழ்வாகப் பறப்பதும், விமானத்தின் வேகத்தைப் பணம்போல எண்ணிச் செலவழிப்பதும் அவர்களுக்கு ரத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் தனியாளாக, ஒற்றை எஞ்சினில், பெரும்பாலும் சமவெளியில் பறக்கிறார்கள். இவர்களுக்குத் தீயணைப்பில் இயல்பான இடம் வேறு: ஏர் டிராக்டர் 802 போன்ற, தீயில் கொட்டுவதற்கு 800 கேலன் சுமக்கும் ஒற்றை எஞ்சின் டேங்கர் விமானம். அங்கே போகிறவன் அங்கேயே நின்றுவிடுவான், சம்பளமும் நன்றாகத்தான் இருக்கும். ஸ்மோக் ஜம்பர் விமானம்தான் வேண்டும் என்று உறுதியாக இருக்கிறவனுக்கு இது சுற்றுவழி.

அப்புறம் அலாஸ்கா. இந்தப் பெயரைச் சொன்னதும் பையன் கண் விரிந்தது. அங்கேதான் நான் கொஞ்சம் பிரேக் போட்டேன். புதியவர்களை அதிகம் எடுப்பது பெத்தல் போன்ற ஊர்களில். அங்கிருந்து செஸ்னா 207, கேரவன் என்ற சிறு விமானங்களில் கிராமம் கிராமமாகத் தபாலும் டயப்பரும் பாட்டிகளும் போய் வருகிறார்கள். அந்த டெல்டா முழுக்கத் தட்டை. மலை அனுபவம் என்று லாக்புக்கில் எழுத ஒன்றும் கிடைக்காது. கிடைப்பது வேறு: குறுக்குக் காற்று, பனி படிவது, சரளைக்கல் ஓடுபாதை, இன்றைக்குப் போகலாமா வேண்டாமா என்று 500 மணி நேரக்காரன் தனியாக நின்று முடிவெடுக்கும் பொறுப்பு. ஏற வந்த பயணி முறைத்துக்கொண்டு நிற்கும்போது "இன்னைக்கு இல்ல" என்று சொல்லக் கற்றவனை எந்தத் தீத் தளமும் விரும்பும்.

சரளைக்கல்லைப் பற்றி ஒரு மெக்கானிக்காக ஒன்று சொல்லியே ஆகவேண்டும். தார் ஓடுபாதையில் பழகியவன் பிரேக்கை அழுத்திக்கொண்டு முழு விசையையும் கொடுத்து, பிறகு பிரேக்கை விடுவான். சரளையில் அப்படிச் செய்தால் புரொப்பல்லர் கல்லை உறிஞ்சித் தன்னையே அடித்துக்கொள்ளும். முன்விளிம்பில் நகக்குறி மாதிரி பள்ளம் பள்ளமாக விழும். அரம் வைத்து ராவி ராவி என் மணிக்கட்டு போய்விடும். பழகியவன் விமானத்தை முதலில் உருள விட்டு, உருள உருள விசையைக் கூட்டுவான், கல் பின்னால் தங்கிவிடும். ஒரு புரொப்பல்லர் விளிம்பை விரலால் தடவினாலே அந்த ஆள் எங்கே கற்றான் என்று சொல்லிவிடலாம்.

மலை வேண்டுமென்றால் ஐடஹோ. மெக்கால், சாமன், கேஸ்கேட் போன்ற ஊர்களிலிருந்து, சாலை போகாத ஆற்றுப் பள்ளத்தாக்குகளுக்குச் சிறு விமானங்கள் போகின்றன. ராஃப்டிங் போகிறவர்களையும், ஒதுங்கிய பண்ணைகளுக்குத் தபாலையும் கொண்டுபோய் இறக்குகிறார்கள். புல் ஓடுபாதை, ஒரு பக்கம்தான் இறங்க முடியும், மறுபக்கம் மலை. வெயில் ஏறுவதற்கு முன் காலை பத்து மணிக்குள் வேலையை முடித்துவிடுவார்கள். ஸ்மோக் ஜம்பர் விமானி பறப்பதும் இதே பள்ளத்தாக்குகளில்தான், அதனால் இங்கே கிடைக்கும் ஒரு மணி நேரத்துக்கு வேறிடத்துப் பத்து மணி நேர மதிப்பு என்பேன். குறை ஒன்றுதான்: வேலைகள் மிகக் குறைவு, தெரியாத ஆளை எடுக்க மாட்டார்கள். மெக்காலில் மலைப்பறத்தலுக்கென்றே வகுப்பு நடத்துகிறார்கள். அதில் சேர்ந்து முகத்தைக் காட்டிவிட்டு வருவது செலவுதான், ஆனால் வீண் செலவு இல்லை.

ராணுவ வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அங்கிருந்து வருகிறவர்கள் நல்ல விமானிகள், கூட்டரசு வேலைத் தேர்வில் முன்னாள் படைவீரர்களுக்கு முன்னுரிமையும் உண்டு. ஆனால் விமானப்படையில் பைலட் பயிற்சி முடித்தால் பத்து வருடம் கட்டாயம் பணியாற்ற வேண்டும். ராணுவத்தில் இருக்க ஆசைப்படுகிறவன் போகலாம். ஸ்மோக் ஜம்பர் விமானத்துக்காக மட்டும் ராணுவத்தில் சேர்வது, பஸ் பிடிக்க வேண்டும் என்பதற்காக பஸ் கம்பெனியை வாங்குவது மாதிரி.

யாரும் பெரிதாகப் பேசாத வழி ஒன்று இருக்கிறது. பெரிய தீக்கு மேலே உயரத்தில் ஒரு சின்ன இரட்டை எஞ்சின் விமானம் மணிக்கணக்கில் சுற்றிக்கொண்டே இருக்கும். உள்ளே ஓர் அதிகாரி உட்கார்ந்து, எந்த டேங்கர் எப்போது வரவேண்டும், ஹெலிகாப்டர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று ரேடியோவில் பிரித்துக்கொடுப்பார். ஏர் அட்டாக் என்பார்கள். பக்கத்தில் ஓட்டிக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனத்து ஆள். வேலை சலிப்பு. நாலு மணி நேரம் வட்டம். ஆனால் அந்த நாலு மணி நேரமும் தீ எப்படி நடக்கிறது, மதியம் காற்று எப்போது திரும்புகிறது, ரேடியோவில் யார் யாரிடம் என்ன மொழியில் பேசுகிறார்கள் என்பதெல்லாம் காதிலும் கண்ணிலும் ஏறும். தீயணைப்பை நடத்தும் அரசுத் துறை வழங்கும் பைலட் கார்டும் கைக்கு வரும். லைசென்ஸ் இருந்தால் மட்டும் தீயில் பறக்க முடியாது. ஆய்வாளர் ஒருவர் ஆவணங்களைப் பார்த்து, கூடவே பறந்தும் பார்த்து, இன்ன இன்ன பணிக்குத் தகுதி என்று கார்டில் எழுதித் தர வேண்டும். ஏர் அட்டாக்குக்கு ஒரு குறிப்பு, சாமான் போடுவதற்கு ஒரு குறிப்பு, ஸ்மோக் ஜம்பருக்கு இன்னொன்று. முதல் குறிப்பு ஏறிவிட்டால் ஆள் வெளியாள் இல்லை என்று ஆகிவிடும். 1500-ஐத் தொட்டவனுக்கு இதைவிட நல்ல அடுத்த படி எனக்குத் தெரியவில்லை.

குதிப்பவராக இருந்து விமானியானவர்களும் உண்டு. அப்போலோ 14-இல் நிலவுக்குப் போய் வந்த ஸ்டூவர்ட் ரூசா, 1953-இல் ஓரிகனில் ஸ்மோக் ஜம்பராக இருந்தவர், பிறகுதான் விமானப்படைக்குப் போனார். நிலவுக்கு மர விதைகளை எடுத்துப் போனவரும் அவரே. பையன் இதைக் கேட்டு "அப்ப நானும் முதல்ல குதிக்கவா?" என்றான். அக்கா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். பேச்சை மாற்றினேன்.

அரசா, ஒப்பந்தமா

கடைசியில் யாரிடம் வேலை செய்வது என்பதும் ஒரு முடிவுதான். வனத்துறை சில விமானங்களைத் தானே வைத்திருக்கிறது. 2013 இறுதியில் வந்த சட்டப்படி ராணுவத்திடமிருந்து 15 ஷெர்பா விமானங்கள் அவர்களுக்கு மாறின. பல காலம் உழைத்த டிசி-3 கடைசியாக 2015-இல் ஓய்வு பெற்றது. மற்ற இடங்களில், குறிப்பாக நில மேலாண்மைத் துறையின் தளங்களில், டோர்னியர் 228, காசா 212 போன்றவை பெரும்பாலும் ஒப்பந்தத்தில் ஓடுகின்றன. வயோமிங்கின் ஷெரிடன் ஊரைச் சேர்ந்த பிக்ஹார்ன் ஏர்வேஸ் அப்படி ஓட்டும் நிறுவனங்களில் ஒன்று.

அரசு வேலை என்றால் நிரந்தரம், ஓய்வூதியம், குளிர்காலத்தில் பயிற்சியும் மற்றப் பறப்புகளும். ஆனால் காலியிடம் எப்போதாவதுதான் வரும், விண்ணப்பம் ஊர்ந்துதான் நகரும். அமெரிக்கக் குடியுரிமை கட்டாயம். இந்த ஒரு வரியில்தான் நம்மவர்கள் பலருக்குக் கதவு சாத்திக்கொள்கிறது. விசாவில் இருக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு திட்டம் போடுவது நல்லது. எங்கள் பையன் இங்கேயே பிறந்தவன் என்பதால் பிரச்சினை இல்லை. ஒப்பந்த நிறுவனத்தில் கதவு சீக்கிரம் திறக்கும், ஆனால் சீசன் முடிந்தால் குளிர்காலத்துக்கு வேறு வழி பார்க்க வேண்டும், கோடை முழுக்க மோட்டல் வாழ்க்கை. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்கக் கூடாது, பணிநேரம் பதினான்கைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு இரண்டு பக்கமும் ஒன்றுதான். பறக்காத அந்த ஆறு மணி நேரம் கொதிக்கிற தாரில், விமானத்தின் இறக்கை நிழலில் உட்கார்ந்திருப்பது. கல்யாணம் ஆனவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் காசு விஷயம். புறப்படும்போது மொத்த எடை 12,500 பவுண்டுக்கு மேல் போகக்கூடிய விமானத்துக்கு, அந்த ரகத்துக்கென்றே தனியாக டைப் ரேட்டிங் என்ற தகுதி வேண்டும். ட்வின் ஓட்டர் சரியாக 12,500-இல் நின்றுவிடுகிறது, அதற்கு வேண்டாம். ஷெர்பாவுக்கும் காசாவுக்கும் வேண்டும். சொந்தக் காசில் அதை முன்கூட்டியே வாங்கி வைக்கிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். வேலைக்கு எடுக்கிறவர்கள் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். மலையை அவர்களால் அவ்வளவு சீக்கிரம் சொல்லிக்கொடுக்க முடியாது. அந்தப் பணத்தை மெக்கால் வகுப்புக்கும், வால் பக்கம் சக்கரம் உள்ள விமானத்தை ஓட்டிப் பழகுவதற்கும் கொடு என்றேன். எப்படியும் யாரும் முதல் நாளே கேப்டனின் இடப்பக்க இருக்கையில் உட்காரப்போவதில்லை. துணை விமானியாகச் சேர்ந்து, பணியைக் கற்றுக்கொடுக்கும் விமானியோடு பறந்து, அவர் சரி என்ற பிறகுதான் அந்த இடம்.

நான் போட்டுக்கொடுத்த பாதை இது: 500 வரை பயிற்றுநர், நடுவில் ஒரு கோடையில் மெக்கால் வகுப்பு, பிறகு பெத்தலோ வேறு எங்கோ சிறு விமானத்தில் 1200 வரை, முடிந்தால் ஐடஹோவில் ஒரு சீசன், 1500-இல் ஏர் அட்டாக், அங்கிருந்து ஒப்பந்த நிறுவனத்தின் ட்வின் ஓட்டரிலோ காசாவிலோ வலப்பக்க இருக்கை. அரசு வேலை அறிவிப்பு வந்தால் இடையில் எப்போது வேண்டுமானாலும் விண்ணப்பம் போடலாம். ஆறு ஏழு வருடம் ஆகும். அதே ஆறு ஏழு வருடத்தில் இவன் நண்பன் ஏர்லைன்ஸில் கேப்டன் ஆகி இவனைவிட இரண்டு மடங்கு சம்பாதிக்கலாம். அதையும் மறைக்காமல் சொன்னேன்.

பையன் இப்போது கொலராடோவில் பயிற்றுநராக இருக்கிறான். டெக்சாஸிலேயே இரண்டு இடத்தில் கூப்பிட்டார்கள், போகவில்லை. போன வாரம் லாக்புக்கின் ஒரு பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பினான். 418 மணி நேரம். குறிப்பு எழுதும் கடைசி நெடுவரிசையில், எல்லோரும் "பாடம் 7" என்று எழுதுகிற இடத்தில், ஒவ்வொரு வரியிலும் ஓடுபாதையின் உயரம், அன்றைய வெப்பம், அந்த வெப்பத்தில் விமானம் எத்தனை அடியில் இருப்பதாக நினைத்துக்கொண்டது என்று மூன்று எண் எழுதியிருக்கிறான். ஒரு வரியில் கூட்டல் தப்பு. திருத்தி அனுப்பியிருக்கிறேன்.